"ஏதோ இடிக்குது" என்பதோடு நிற்காமல் ஒரு படத்தைப் பற்றிப் பேசுவது எப்படி

ஒரு படத்தையோ போஸ்டரையோ காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலானவர்களிடம் இருப்பது இரண்டே பதில்தான். ஒன்று "நல்லா இருக்கு", இன்னொன்று "ஏதோ இடிக்குது". இரண்டாவதைக் கேட்ட ஆள் தலையைச் சொறிந்துகொண்டு போவார், ஏனென்றால் எதை மாற்ற வேண்டும் என்று அதில் ஒன்றுமே இல்லை. அதையே "முகமும் பின்னணியும் ஒரே டோனில் இருக்கு, அதனால ஒட்டிக்கிட்டுத் தெரியுது" என்று சொல்லிப் பாருங்கள். பின்னணியை இருட்டாக்கலாமா, முகத்தை வெளிச்சமாக்கலாமா என்று அவரே யோசிக்க ஆரம்பித்துவிடுவார். கலைச்சொற்களால் கிடைக்கும் லாபம் இதுதான், அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்று அவை காட்டிக்கொடுக்கும்.

தேடினால் பட்டியல் நிறையக் கிடைக்கும்: கோடு, வடிவம், நிறம் என்று ஏழு கூறுகள், சமநிலை, லயம், விகிதம் என்று ஏழெட்டுக் கொள்கைகள். பட்டியலை மனப்பாடம் செய்தால் தேர்வுக்கு ஆகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணாலோ பென்சிலாலோ செய்து பார்க்கக்கூடிய ஒரு சின்ன வேலை இருக்கிறது, அதைச் செய்துவிட்டால் சொல் தானாகவே தங்கிவிடும். ஒரு பென்சில், கொஞ்சம் தாள், போன் கேமரா, அப்புறம் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு படம், இவ்வளவு போதும். ஓவியமோ புகைப்படமோ சினிமா போஸ்டரோ, எதுவானாலும் சரி, ஆனால் கடைசிவரை அதே படத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புதுப் படம் என்று தாவினால் எதுவும் ஆழமாகப் போகாது.

முதலில் டோன்

பலரும் கோட்டில் தொடங்கச் சொல்வார்கள். நான் டோனில் தொடங்கச் சொல்வேன், படங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஓர் இடம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதுதான் டோன். வேல்யூ என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. என்ன நிறம் என்பது இந்தக் கணக்கில் வராது. சிவப்பும் பச்சையும் பார்வைக்கு ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு நிறங்கள், ஆனால் இரண்டின் டோனும் ஒன்றாக இருக்கலாம், அப்போது கறுப்பு வெள்ளையில் அவை ஒரே சாம்பலாகிவிடும்.

டோனைப் பார்க்க இரண்டு வழி. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், நுணுக்கமெல்லாம் கலங்கிப்போய் பெரிய இருட்டும் பெரிய வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். அல்லது படத்தை போனில் எடுத்து கறுப்பு வெள்ளையாக்குங்கள். முதல் வழியையே பழகச் சொல்வேன், கண் எப்போதும் கூடவே இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் 1872ஆம் ஆண்டு ஓவியம் 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' கிடைத்தால் அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும், ஏனென்றால் சுற்றியுள்ள சாம்பல்நீல வானத்தின் டோனும் அதன் டோனும் ஏறக்குறைய ஒன்றுதான். சூரியன் துடிப்பது போலத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். நிறத்தை மட்டும் நம்பிய தைரியம் அது, மோனேவுக்குச் சரிப்பட்டது. நாம் அதைச் செய்தால் பெரும்பாலும் படம் தட்டையாகத்தான் போகும். நேர் எதிர்ப்பக்கம் பிக்காசோவின் 'குவெர்னிக்கா', 1937. கறுப்பு, வெள்ளை, சாம்பல், அவ்வளவுதான், ஏழே முக்கால் மீட்டர் அகலத்துக்கு டோனை மட்டும் வைத்தே நிற்கிறது.

இப்போது தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். முதல் கட்டம் வெறும் தாள். ஐந்தாவதில் உங்கள் பென்சில் தரக்கூடிய கடைசி இருட்டு. நடுக்கட்டம் இரண்டுக்கும் சரிபாதி, மீதி இரண்டையும் இடையில் பொருத்துங்கள். சுலபமாகத் தோன்றும், ஆனால் புதிதாக வரைபவர்களுக்கு இருட்டுப் பக்கம் போக ஒரு பயம் இருக்கும், அவர்களின் ஐந்தாவது கட்டம் பழகிய கையின் மூன்றாவது கட்டம் அளவுக்குத்தான் வந்து நிற்கும். அந்தப் பயம் படத்திலும் தெரியும், எல்லாம் நடுச் சாம்பலில் மிதக்கும். அந்தக் கட்டங்களை வைத்துக்கொண்டு உங்கள் படத்தின் பெரிய பகுதிகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்துப் பாருங்கள். பெரும்பகுதி ஒன்றும் இரண்டுமாக இருந்தால் அது ஹை கீ, நாலும் ஐந்துமாக இருந்தால் லோ கீ. புகைப்படக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் சொற்கள் இவை.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது கான்ட்ராஸ்ட், அதாவது முரண். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு விஷயங்களுக்கு இடையிலான வித்தியாசம். டோனில் மட்டுமல்ல, அளவில், நிறத்தில், வடிவத்தில், எதில் வேண்டுமானாலும் முரண் இருக்கலாம், ஆனால் டோன் முரணுக்குத்தான் கண் முதலில் ஓடும். எங்கே மிக இருட்டும் மிக வெளிச்சமும் உரசுகின்றனவோ அங்கே பார்வை போய் நிற்கும். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ இதை வைத்தே பிழைத்தவர். 1599-1600இல் அவர் வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தில் பாதிச் சுவர் இருட்டு, வலப்பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் ஒளி எந்த முகத்தைத் தொடுகிறதோ அதை மட்டும்தான் நீங்கள் பார்க்க முடியும். இப்படி ஒளியையும் இருளையும் மோதவிட்டு உருவத்தைச் செதுக்கும் முறைக்கு இத்தாலியச் சொல் கியாரோஸ்கூரோ. அதே இத்தாலியிலிருந்து வந்த ஸ்ஃபுமாட்டோ இதற்கு மறுபக்கம், விளிம்பே தெரியாமல் இருட்டும் வெளிச்சமும் புகைபோலக் கரைவது. மோனாலிசாவின் வாயோரத்தைப் பாருங்கள், உதடு எங்கே முடிகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது.

கோடு, வடிவம், திரள்

கோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் போட்டிருக்கிறோம். சில பெயர்கள் மட்டும் தெரிந்தால் போதும். உருவத்தின் எல்லையைப் பிடித்துக்கொண்டு போவது புறக்கோடு. உருவத்தின் அசைவை அரை நிமிடத்தில் பிடிக்கக் கிறுக்குவது ஜெஸ்சர் கோடு. பக்கம் பக்கமாகக் கோடு அடுக்கி நிழல் போடுவது ஹாட்சிங், அதையே குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் கிராஸ் ஹாட்சிங், ஜெர்மன் ஓவியர் டியூரரின் அச்சுப்படங்களில் கண் வலிக்க வலிக்கப் பார்க்கலாம். கோட்டின் தடிமன் லைன் வெயிட். ஒரே தடிமனில் எல்லாக் கோடும் இருந்தால் படம் கம்பியை வளைத்துச் செய்தது போல இருக்கும். நிழல் பக்கமும் முன்னால் இருப்பதும் தடிமனாக, வெளிச்சப் பக்கமும் தூரத்தில் இருப்பதும் மெலிதாக என்று மாற்றிப் பாருங்கள், உடனே மூச்சு வரும்.

இவற்றில் சுவாரசியமானது போடாத கோடு. ஒருவர் விரலை நீட்டுகிறார், இன்னொருவர் எங்கேயோ பார்க்கிறார், நம் கண் அந்தத் திசையில் தானாகப் போகிறது. அங்கே மையே இல்லை, ஆனால் கோடு இருக்கிறது. இம்ப்ளைட் லைன் என்பார்கள், குறிப்புக்கோடு என்று வைத்துக்கொள்ளலாம். கரவாஜ்ஜோ படத்தில் கிறிஸ்துவின் நீட்டிய கையைப் பின்தொடர்ந்து பாருங்கள். அப்புறம் உங்கள் படத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள், எது எதைச் சுட்டுகிறது என்று மெலிதாக அம்புக்குறி போடுங்கள். அம்புகளெல்லாம் படத்தின் சட்டத்துக்கு வெளியே ஓடினால் பார்ப்பவரும் கூடவே வெளியே போய்விடுவார்.

வடிவத்தையும் திரளையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். தட்டையானது வடிவம், கனம் உள்ளது திரள். வட்டம் வடிவம், உருண்டை திரள், சதுரத்துக்கும் கனசதுரத்துக்கும் அப்படித்தான். தாள் எப்போதும் தட்டை, அதனால் திரள் என்பது டோனை வைத்து நாம் செய்யும் ஏமாற்று வேலை. ஒரு வெள்ளைப் பந்தை மேசை விளக்குக்குக் கீழே வையுங்கள், வேறு விளக்கு எதுவும் வேண்டாம். ஒளி நேராக விழும் இடம், அதற்குள் பளிச்சென்று ஒரு புள்ளி இருந்தால் அது ஹைலைட். அங்கிருந்து மெல்ல மங்கும் பகுதி அரைடோன். அப்புறம் பந்தின் மேலேயே பட்டையாக ஓடும் அடர்ந்த இருட்டு, அது உள்நிழல். அதற்கும் பின்னால் விளிம்பையொட்டி லேசாக ஒரு வெளிச்சம் தெரியும், மேசையில் பட்டுத் திரும்பி வரும் ஒளி, எதிரொளி என்போம். கடைசியாக மேசையில் விழுந்து கிடப்பது விழுநிழல். இந்த ஐந்தையும் ஒரு பந்தில் அடையாளம் காணப் பழகிவிட்டால் முகத்தில், துணி மடிப்பில், மரத்தண்டில் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். எதிரொளியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதை வெளிச்சப் பக்கத்துக்குச் சமமாகப் பளிச்சென்று போட்டுவிடாதீர்கள், அது நிழலுக்குள் இருக்கும் ஒளி, எப்போதும் அரைடோனைவிட இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

காலி இடமும் ஒரு வடிவம்தான்

வெளி என்ற சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு, ஒன்று பொருட்களைச் சுற்றியுள்ள காலி இடம், இன்னொன்று ஆழம். முதலாவதைத்தான் நெகட்டிவ் ஸ்பேஸ் என்கிறார்கள். ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு அதை வரையாதீர்கள், கால்களுக்கு இடையில், கைப்பிடிக்கு உள்ளே, முதுகுச் சட்டங்களுக்கு நடுவில் தெரியும் ஓட்டைகளை மட்டும் வடிவங்களாக வரையுங்கள். முடித்துப் பார்த்தால் நாற்காலி வந்திருக்கும், நேராக வரைந்ததைவிட அளவு சரியாகவும் வந்திருக்கும். காரணம் இருக்கிறது. நாற்காலி எப்படி இருக்கும் என்று மூளை ஏற்கெனவே ஒரு முடிவில் இருக்கிறது, ஓட்டை எப்படி இருக்கும் என்று அதற்கு எந்த முடிவும் இல்லை, அதனால் கண்ணை நம்ப வேண்டிவருகிறது.

சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியின் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு இதையே செய்யலாம். தூக்கிய காலுக்கும் வீசிய கைக்கும் திருவாசிக்கும் இடையில் இருக்கும் காற்றை மட்டும் வரையுங்கள், ஆட்டத்தின் பாதி வேகம் அந்த வெற்றிடங்களில்தான் இருக்கிறது. லோகோக்களில் எல்லோரும் காட்டும் உதாரணம் ஃபெடெக்ஸ், 1994இல் வந்தது, கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வெள்ளையில் ஓர் அம்புக்குறி ஒளிந்திருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காமல் இருக்க முடியாது. எது உருவம், எது பின்னணி என்று கண் எடுக்கும் இந்த முடிவுக்கு ஃபிகர்-கிரவுண்ட் என்று பெயர். இரண்டு முகங்களா, ஒரு ஜாடியா என்று மாறி மாறித் தெரியும் படத்தை டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் இதை விளக்கத்தான் பயன்படுத்தினார்.

ஆழத்துக்கு வருவோம். தட்டைத் தாளில் தூரத்தைக் காட்டும் முறைக்குப் பெயர் பெர்ஸ்பெக்டிவ். அந்தச் சொல்லைக் கேட்டதும் அளவுகோலைத் தேடுகிறார்கள், ஆனால் அதற்கு முன்பே மலிவான தந்திரங்கள் சில இருக்கின்றன. ஒன்றை மற்றொன்று மறைத்தால் மறைப்பது முன்னால். ஒரே பொருள் சிறிதாகத் தெரிந்தால் தூரம். நிலத்தில் நிற்கும் பொருளின் அடி சட்டத்தில் மேலே இருந்தால் தூரம். தூரத்து மலை வெளிறியும் நீலம் பாய்ந்தும் முரண் குறைந்தும் தெரிந்தால் அது காற்றுவழி ஆழம், லியனார்டோ இதைப் பற்றி எழுதியே வைத்திருக்கிறார். இவற்றை வைத்தே முக்கால்வாசி வேலை நடந்துவிடும்.

கோட்டுப் பெர்ஸ்பெக்டிவ் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளோரன்ஸில் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் செய்துகாட்டியது, 1435இல் ஆல்பெர்ட்டி எழுத்தில் வைத்தார். இரண்டு சொல் போதும்: கண்மட்டக் கோடு, மறைபுள்ளி. நீண்ட தெருவையோ தாழ்வாரத்தையோ போட்டோ எடுத்து, அதன் மேல் சுவர், தரை, கூரை விளிம்புகளையெல்லாம் நீட்டிக் கோடு போடுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சந்திக்கும், அது மறைபுள்ளி, கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுத்திருந்தால் அது கேமரா இருந்த உயரத்திலேயே இருக்கும், அந்த உயரத்தில் குறுக்கே ஓடுவதுதான் கண்மட்டக் கோடு. லியனார்டோவின் 'கடைசி விருந்து' சுவரோவியத்தில் அது கிறிஸ்துவின் தலையில், நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் இருக்கிறது. ஆழத்தைக் காட்டப் போட்ட கோடுகளே பார்வையையும் அங்கே கொண்டுபோய் விடுகின்றன, ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

டெக்ஸ்ச்சர் பற்றிச் சுருக்கமாக. தொட்டால் கையில் படும் கரடுமுரடு ஒரு வகை, தொட்டால் வழுவழு ஆனால் பார்வைக்குக் கம்பளியாகத் தெரிவது இன்னொரு வகை. வண்ணத்தைக் கெட்டியாக அப்பி மேடு மேடாக விடுவது இம்பாஸ்டோ, வான் கோவின் ஓவியங்களில் தூரிகை போன தடமெல்லாம் நிற்கும். போன் திரையில் பார்த்தால் இது புரியாது, பக்கவாட்டில் ஒளி விழும்படி நேரில் பார்க்க வேண்டிய சமாச்சாரம்.

நிறத்துக்கு மூன்று கைப்பிடி

"இந்த நீலம் சரியில்லை" என்று சொல்லும்போது மூன்றில் எது சரியில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீலமா பச்சையா ஊதாவா என்பது சாயல். எவ்வளவு வெளிச்சம் என்பது மேலே பார்த்த டோன். எவ்வளவு பளீரென்று, எவ்வளவு மங்கிப்போய் இருக்கிறது என்பது செறிவு, சாச்சுரேஷன் என்றால் எல்லோருக்கும் தெரியும். இப்படி மூன்றாகப் பிரித்து முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஆல்பெர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர், 1905இல் நூலாக வெளியிட்டார். போட்டோ செயலிகளில் நிறத்தைத் திருத்தும் இடத்தில் இருக்கும் மூன்று இழுப்பான்கள் கிட்டத்தட்ட இதே பிரிவுதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுக்க இழுத்து, உங்கள் படம் என்ன ஆகிறது என்று பாருங்கள், மற்ற இரண்டைத் தொடாமல். எனக்குத் தெரிந்தவரை இதைவிட வேகமான பாடம் கிடையாது. ஒரு நிறத்தில் வெள்ளை கலந்தால் டின்ட், கறுப்பு கலந்தால் ஷேட்.

நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை எதிர்நிறங்கள். வண்ணம் கலப்பவர்களின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, மஞ்சளுக்கு எதிரே ஊதா. திரையில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சக்கரம் பொருந்தாது, அங்கே சிவப்புக்கு எதிரே சயான், நீலத்துக்கு எதிரே மஞ்சள், பச்சைக்கு எதிரே மெஜந்தா. ஒரு பாடத்தில் ஒன்றும் இன்னொரு பாடத்தில் மற்றொன்றும் படித்துவிட்டு எது சரி என்று சண்டை போட வேண்டாம், ஒன்று வண்ணக்கலவை பற்றிய பழைய மரபு, இன்னொன்று ஒளியின் கணக்கு. எதிர்நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று ஏற்றிவிடும், வண்ணமாகக் கலந்தால் ஒன்றை ஒன்று அடக்கி மங்கவைக்கும். கறுப்பு சேர்த்து மங்கவைப்பதைவிட எதிர்நிறம் சேர்த்து மங்கவைத்தால் நிறம் செத்துப்போகாமல் இருக்கும்.

ஆனால் நிறத்தில் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த நிறமும் தனியாக இல்லை என்பதுதான். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு செவ்ரெல் என்ற வேதியியலாளர் பொறுப்பாக இருந்தார். சில கறுப்பு நூல்கள் சரியான கறுப்பாக இல்லை என்று புகார் வர, சோதித்துப் பார்த்தார், சாயத்தில் கோளாறே இல்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. 1839இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார், உடன்நிகழ் முரண் என்று இதற்குப் பெயர். ஒரே சாம்பல் தாளில் இரண்டு சின்னச் சதுரம் வெட்டி, ஒன்றை அடர் மஞ்சள் மேலும் மற்றதை அடர் நீலத்தின் மேலும் வையுங்கள். மஞ்சள் மேல் வைத்தது லேசாக நீலம் பாய்ந்தும் கொஞ்சம் இருட்டாகவும், நீலத்தின் மேல் வைத்தது வெதுவெதுப்பாகவும் வெளிச்சமாகவும் தெரியும். அதனால் ஒரு நிறம் சரியில்லை என்று தோன்றினால் அதையே மாற்றிக்கொண்டிருக்காமல் பக்கத்து நிறத்தையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

வெம்மை, குளிர்ச்சி என்ற பேச்சும் இப்படித்தான், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பொதுவாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வெம்மை, நீலப்பக்கம் குளிர்ச்சி, ஆனால் சிவப்பிலேயே ஆரஞ்சு சாய்ந்தது வெம்மை, ஊதா சாய்ந்தது குளிர்ச்சி. திரையில் பார்த்த நிறம் அச்சில் வரவில்லை என்ற புலம்பலுக்கும் ஒரு வரி: திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் செய்கிறது, அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையால் ஒளியைக் குறைத்து நிறம் செய்கிறது. பளீரென்ற திரைப்பச்சை சாதாரண அச்சு மையின் எல்லைக்குள்ளேயே இல்லை, அச்சகத்தாரைத் திட்டிப் பயனில்லை.

எதை எங்கே வைப்பது

சட்டத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கும் வேலைதான் கம்போசிஷன். இதில் முதல் கேள்வி, கண் முதலில் எங்கே போகிறது? அது குவிமையம். படத்தை நண்பர் ஒருவரிடம் ஒரு நொடி காட்டிவிட்டு மறைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். நீங்கள் நினைத்ததை அவர் சொல்லவில்லை என்றால் வேறு எதுவோ முரணில் ஜெயித்துக்கொண்டிருக்கிறது.

சமநிலை என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்று அர்த்தமில்லை. ஒரு பக்கம் பெரிய வெளிர் வடிவம், மறுபக்கம் சின்னதாக ஆனால் அடர்ந்த இருட்டு, இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கும். படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், அல்லது செயலியில் இடம் வலம் திருப்புங்கள், சாய்ந்திருந்தால் அப்போதுதான் சட்டென்று தெரியும். லயம் என்பது திரும்பத் திரும்ப வருவது, ஆனால் கொஞ்சம் மாறி வருவது, அப்படியே மாறாமல் வந்தால் அது வெறும் பேட்டர்ன். அளவு பற்றி ஜப்பானிய ஓவியர் ஹோக்குசாயிடம் கற்கலாம். 1831 வாக்கில் வந்த 'பேரலை' அச்சுப்படத்தில் ஃபூஜி மலை அலையின் அடியில் இத்தனூண்டு நிற்கிறது, அதுவும் இன்னொரு அலை என்று நினைத்துக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. மலையைச் சின்னதாக்கித்தான் அலையை அவ்வளவு பெரிதாக்கினார்.

மூன்றில் ஒரு பங்கு விதி எல்லோருக்கும் தெரியும், சட்டத்தை மூன்று மூன்றாகப் பிரித்து முக்கியமானதை அந்தக் கோடுகளில் வைப்பது. 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கில ஓவியர் இயற்கைக் காட்சி பற்றிய நூலில் சொன்னது. எல்லாவற்றையும் நட்டநடுவில் வைக்கும் பழக்கத்தை உடைக்க நல்ல கருவி, அதற்கு மேல் அதை வேதமாக்க வேண்டாம். 1.618 என்ற பொன்விகிதச் சுருளைப் பிரபல ஓவியங்களின் மேல் ஒட்டிக் காட்டுகிறார்களே, அதை நான் நம்புவதில்லை. சுருளைக் கொஞ்சம் நகர்த்தி, கொஞ்சம் பெரிதாக்கினால் எந்தப் படத்திலும் ஏதாவது ஒரு மூக்கு அதில் மாட்டும்.

வேலையாகச் செய்ய வேண்டியது தம்ப்நெயில். தீப்பெட்டி அளவுக்கு ஏழெட்டுக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் உங்கள் படத்தையே மூன்று டோனில் வேறு வேறு விதமாக அடுக்குங்கள். நுணுக்கத்துக்கு அங்கே இடமே இல்லை என்பதுதான் அதன் அழகு.

எழுத்து உள்ளே வந்தால்

போஸ்டர், அட்டை, திரை என்று எழுத்தும் படமும் சேரும் இடத்தில் சில சொற்கள் கூடுதலாகத் தேவை. படிநிலை: எதை முதலில், எதை இரண்டாவதாக, எதைக் கடைசியாகப் படிக்க வேண்டும். மூன்று படிக்கு மேல் போனால் பெரும்பாலும் குழப்பம். அலைன்மென்ட்: விளிம்புகள் ஒரே கோட்டில் நிற்பது. அண்மை: சேர்ந்தவை பக்கத்தில், சேராதவை தள்ளி. ஒரு தலைப்பு தன் பத்தியைவிட மேலேயுள்ள பத்திக்குப் பக்கத்தில் இருந்தால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார், ஏன் என்று அவருக்கே தெரியாது. இவற்றையெல்லாம் ஒழுங்காக வைக்கக் கண்ணுக்குத் தெரியாமல் போடும் கட்டக்கோடுதான் கிரிட்.

தமிழ் எழுத்துக்குத் தனியாகச் சில கவனம் வேண்டும், ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது. மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் கீற்றுகளும் இருப்பதால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும், எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கில் தொடங்கிப் பாருங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பிரிவு நமக்குக் கிடையாது, சாய்வெழுத்தும் பல ஃபான்ட்களில் சரிவர அமைவதில்லை, ஆக அழுத்தம் கொடுக்க அளவு, தடிமன், நிறம் மூன்றுதான் கையில். ரொம்பத் தடித்த ஃபான்டைச் சின்ன அளவில் போட்டால் ண, ஞ போன்றவற்றின் உள்வெளி அடைத்துப்போய்க் கறுப்புப் பொட்டாகிவிடும். சொற்கள் நீளமானவை, அதனால் குறுகிய பத்தியை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டினால் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், இடப்பக்கம் மட்டும் நேராக விட்டுவிடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே முரண் போதுமா என்ற சந்தேகத்துக்குக் கணக்கே இருக்கிறது: இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலின் நடுத்தர நிலை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 கேட்கிறது, கணக்கிட்டுக் காட்டும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. அழகாக இருக்கிறது என்று வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வைப்பவர்கள் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

வாயில் வரவைப்பது

இப்போது உங்கள் படத்துக்குத் திரும்புங்கள், மூன்று வாக்கியம் எழுதுங்கள், சத்தமாகச் சொன்னாலும் சரி. என்ன பார்க்கிறேன், அது ஏன் அப்படித் தெரிகிறது, எதை மாற்றினால் என்ன ஆகும். "முதலில் கண் இடது மூலை ஜன்னலுக்குப் போகுது. மொத்தப் படத்திலும் அங்கதான் டோன் முரண் அதிகம். ஜன்னலை ஒரு படி மங்கவச்சா முகம் முன்னால வரும்." இவ்வளவுதான் விமர்சனம். பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்லுங்கள், சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. அடுத்தவர் வேலையில் இதைச் சொல்லும் முன் உங்களுடையதில் நாலைந்து முறை சொல்லிப் பழகுங்கள், இல்லாவிட்டால் சொற்கள் கொஞ்சம் கனமாக விழும்.

மற்றவர்கள் சொல்வதைப் பிரித்துப் புரிந்துகொள்ளவும் இதே சொற்கள்தான் உதவும். "டல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே செறிவை ஏற்றாதீர்கள், பெரும்பாலும் அது டோன் ஐந்து படியில் நடுவில் இரண்டு படியை மட்டும் பயன்படுத்தியதன் புகார். "கூட்டமா இருக்கு" என்றால் பொருட்கள் அதிகம் என்பதைவிட அண்மை சரியில்லை, எல்லாம் ஒரே இடைவெளியில் நிற்கிறது என்பதே அடிக்கடி காரணமாக இருக்கும். "பழக்கமில்லாத ஆள் பண்ண மாதிரி இருக்கு" என்றால் முதலில் அலைன்மென்டைப் பாருங்கள், அப்புறம் எத்தனை ஃபான்ட் இருக்கிறது என்று எண்ணுங்கள். "பாப் ஆகணும்" என்பதற்கு அளவா, டோன் முரணா, செறிவா என்று திருப்பிக் கேட்டு, மூன்றையும் தனித்தனியாகச் செய்து காட்டினால் அவரே விரலை வைத்துவிடுவார். அப்புறம் அந்த நிரந்தரக் கோரிக்கை, "லோகோவைப் பெருசாக்குங்க". பெரிதாக்கும் முன் லோகோவைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்து, அதே அளவிலேயே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.